கோட்டிங்கனிலிருந்து அப்பாவுக்கு

கோட்டிங்கன், ஜெர்மனி
2.2.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பா, அம்மா, ஆத்தா, தம்பி,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது அப்பா. நான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். போனில் "சாப்பிட்டியா, குளுருதா" என்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. செவலை கிடாரிக்கன்று ஈன்றதும், அப்புச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனதும், பெரியப்பாவோடு பேச்சு நின்றுபோனதும் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தை பிறந்து இருபது நாளாகிறது. பொங்கலுக்குக்கூட நான் நாலு வரி எழுதவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்று தள்ளிப்போட்டேன்.

புளியம்பட்டிச் சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்க புள்ள அங்க என்ன பண்ணுது" என்று கேட்பதாகவும், "கணக்கு" என்றால் "டீச்சரா" என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். என்ன சொல்லட்டும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அம்மாவுக்குச் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கோதுமை மாவு, முட்டைக்கோஸ், கீரை, காய்ந்த வெள்ளை பீன்ஸ், டப்பா பால். போன மாதம் பெரும்பாலும் இதுதான். முகத்தைச் சுருக்காதே அம்மா, இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ஸ்டிக்லர் என்று ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர். ஒரு ஆள் உடம்பு கெடாமல் ஒரு வருசம் சாப்பிட மிகக் குறைந்த செலவு எவ்வளவு என்று 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். 77 உணவுப் பொருட்கள், 9 சத்துகள். எந்தச் சத்தும் அளவுக்குக் கீழே போகக் கூடாது, காசும் குறைவாக ஆக வேண்டும். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, 1939ஆம் வருச விலைக்கு 39 டாலர் 93 சென்ட் என்றார். மேலே எழுதியிருக்கிற ஐந்தும் அவர் பட்டியல்தான். இரண்டு வருசம் கழித்து டான்சிக் என்பவர் இந்த மாதிரிக் கணக்குகளுக்கென்றே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியில் இதே கணக்கை ஒன்பது பேர் மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு போட்டார்கள். ஒருவர் ஒரு நாள் செய்கிற வேலையை ஒரு ஆள் என்று வைக்கிற நம் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் 120 ஆள் பிடித்தது. விடை 39 டாலர் 69 சென்ட். 24 சென்ட்தான் வித்தியாசம்!

அந்த வழியை உங்களுக்குச் சொல்ல நம் வயலே போதும் அப்பா. ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு வரப்பு. வரப்புகளுக்கு உள்ளே எங்கே நின்றாலும் தப்பில்லை. ஆனால் செலவு குறைந்த இடத்தைத் தேடி வயல் முழுக்க அலைய வேண்டியதில்லை, ஏதாவது ஒரு மூலையில் அது கட்டாயம் இருக்கும். வரப்பு மேலேயே நடந்து, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, செலவு இறங்குகிற பக்கமாகவே போக வேண்டும். இனி எந்தப் பக்கம் போனாலும் இறங்காது என்கிற மூலையில் நின்றுவிடலாம். அதுதான் விடை. கீழ்பவானி ஆயக்கட்டில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குக் கடலைக்கும் என்று தண்ணீர் மாற்றி மாற்றி விடுகிறார்களே, அதையும் இப்படி வரப்புக் கட்டித்தான் நான் பார்க்கிறேன். தண்ணீர் இவ்வளவு, நிலம் இவ்வளவு, கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டியது இவ்வளவு.

சாப்பாட்டுக் கணக்கை இந்த ஊர் விலைக்கு நானே போட்டுப் பார்த்தேன். முட்டைக்கோஸும் பீன்ஸும் இங்கேயும் ஜெயித்தன. அதைச் சாப்பிட்டுப் பார்க்கிற ஆசையில்தான் ஆரம்பித்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை. உடம்பு நன்றாகவே இருக்கிறது. ஒருநாள் மட்டும் மனசு கேட்காமல் அரிசியும் பருப்பும் செய்தேன். சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை. குக்கரைத் திறந்தபோது நம் வீட்டு வாசம் வரவில்லை.

ஆத்தா குளிரைக் கேட்டிருந்தாள். குளிரைவிடக் கீழ்வீட்டுப் பாட்டியைச் சொல்ல வேண்டும். தனி ஆள். இந்தக் குளிரில் காலையும் மாலையும் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து வைக்கிறார். காற்று மாறாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். நான் திறந்திருக்கிறேனா என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார். மாடிப்படி கூட்டுவதற்கு முறை உண்டு, முறைக்காரர் கதவில் ஒரு அட்டை தொங்கும். என் முறையில் நான் கூட்டி முடித்ததும் வந்து படியோரத்தை விரலால் தடவிப் பார்த்தார். வாய்க்கால் முறைக்கு நம் ஊரில் எப்படியோ அப்படி அவருக்கு இது. கிறிஸ்துமஸுக்கு என் வாசலில் ஒரு கிண்ணம் நிறைய கேக் வைத்திருந்தார். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரக் கூடாதே, ஆத்தா கொடுத்தனுப்பிய வெல்லத்தில் பாதியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். பேச ஆள் இல்லாமல் அல்ல, அங்கே மரங்கள் நன்றாக இருக்கும். மாக்ஸ் போர்ன் என்கிற விஞ்ஞானியின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் பெயரோடு ஒரு சமன்பாடும் செதுக்கியிருக்கிறார்கள். இந்த வருசம் அதற்கு நூறு வயது. 1925இல் இங்கே வேலை பார்த்த ஹைசன்பர்க், வயது 23, மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி, ஹெல்கோலாந்து தீவுக்குப் போனார். அணுவுக்கு ஒரு புதுக் கணக்கோடு திரும்பினார். அதில் பெருக்கல் விசித்திரமாக இருந்தது. இது கணிதக்காரர்களுடைய அணிப் பெருக்கல் அல்லவா என்று கண்டுகொண்டவர் போர்ன். அணி என்றால் எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய அட்டவணை, உங்கள் வரவு செலவு நோட்டு மாதிரி. நமக்கு இரண்டு மூன்றும் ஆறு, மூன்று இரண்டும் ஆறு. அணிகளில் அப்படி இல்லை. உழுதுவிட்டு விதைப்பதும் விதைத்துவிட்டு உழுவதும் ஒன்றாகுமா? துகளின் இடத்தையும் உந்தத்தையும் (நிறையோடு வேகத்தைப் பெருக்கிய அளவு) அணிகளாக எழுதினால், எதை முன்னால் வைத்துப் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். எவ்வளவு மாறும் என்பதைத்தான் அந்தக் கல் சொல்கிறது.

1933இல் யூதர் என்பதால் போர்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊரைவிட்டுப் போனார். அடுத்து வேலைக்குத் தவித்த நாட்களில் சி.வி. ராமன் அழைத்து, 1935-36இல் ஆறு மாதம் போல பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். திம்பம் மலை ஏறிப் போனால் நமக்கு எட்டுகிற பெங்களூர்! முதலில் இதைப் படித்தபோது அந்தக் கல்லைத் தொட்டுவிட்டு வந்தேன். வயதான பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். 1970இல் இதே ஊரில் இறந்தார்.

நான் வேலை செய்வது அந்த அணிகளோடுதான், அந்த அட்டவணைகளோடுதான் அப்பா. அணி என்றால் எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய அட்டவணை, உங்கள் வரவு செலவு நோட்டு மாதிரி. கோவை கணபதியில் மாமா பட்டறையில் மோட்டார் ஓடத் தொடங்கும்போது ஒரு வேகத்தில் மட்டும் மேசையெல்லாம் உதறும், அதைத் தாண்டினால் அடங்கிவிடும் இல்லையா? ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அப்படி அதற்கே உரிய எண் ஒன்று உண்டு. மாமா காதால் கண்டுபிடிப்பார். நாங்கள் அட்டவணையிலிருந்து எடுப்போம். ஐகன் மதிப்பு என்று பெயர். ஐகன் என்றால் ஜெர்மனில் தன்னுடையது என்று அர்த்தம். ஹில்பர்ட் என்கிற கணித அறிஞர் 1904இல் இந்த ஊரில் இருந்து எழுதியபோது புழக்கத்துக்கு வந்த சொல். அணு எந்தெந்த ஆற்றலில் இருக்கலாம் என்பதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே அட்டவணை பயங்கரமாகப் பெருகும். மிக எளிய துகளாக எடுத்துக்கொண்டாலும் ஒன்று கூடும்போது வரிசைகள் இரட்டிக்கும். பத்துத் துகளுக்கு 1,024 வரிசை, முப்பதுக்கு 107 கோடிக்கு மேல். அவ்வளவையும் எழுதாமலேயே வேண்டிய எண்ணை எடுக்கும் வழியைத் தேடுவதுதான் என் வேலை. சந்தையில் கேட்டால் "மாமன் காதால கண்டுபிடிக்கறத இது கணக்கால கண்டுபிடிக்குது" என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

காப்புக்கட்டு அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா அம்மா? கதவில் சொருக வேப்பிலை இல்லை, ஆவாரம்பூ இல்லை. ஆற்றோரத்தில் ஒரு புல், நுனியெல்லாம் பனி பிடித்து, அப்படியே பூளைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒடித்துக்கொண்டு வந்து அறைக் கதவில் உள்பக்கமாகச் சொருகினேன். பத்து நிமிசத்தில் பனி உருகி வெறும் புல்லாகிவிட்டது. பட்டிப்பொங்கலுக்கு யார் தண்ணீர் தெளித்தது? பூப்பறிக்கிற நோம்பிக்கு வண்டி கட்டினார்களா? அதையெல்லாம் நீங்கள் எழுதவே இல்லை.

சரி, வீட்டு விசயம். தம்பியின் ஃபீஸுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன பணம் மார்ச்சில் வரும். உதவித்தொகையைப் புதுப்பிக்கிற தாள் ஒன்று நகர வேண்டும், அவ்வளவுதான். அதற்காக குடோனில் இருக்கிற பழைய மஞ்சளை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ஊர் நோம்பிக்கு வருவதற்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிணற்று முறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் நோட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாள் கணக்கில் பாதிப் பாதிதான், சரி. ஆனால் மும்முனைக் கரண்ட் வருகிற மணிக்கணக்கில் பார்த்தால், பெரியப்பாவின் நாட்களில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் குறைகிறது, அதுவும் நடுராத்திரியில் வருகிறது. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது அப்பா. நாள் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கில் பிரியுங்கள். ராத்திரிக் கரண்டை ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் அவர் என்று மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு அட்டவணை போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதமும் இருக்கிறது. அதைத் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வெறுங்கையோடு போகாமல் செவலைப் பால் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மகள்