2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே, பிள்ளைகளைக் கூட்டிவந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஒன்பது தடவை கூடியது. பத்தாவது கூட்டம் நவம்பர் கடைசி வெள்ளத்தால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடற்கரைச் சிரமதானங்கள் வழமைபோல் நடந்தன. என் அறிக்கையின் பெரும்பகுதி புறாமலையைப் பற்றியது.

திருகோணமலை நிலாவெளிக் கரையில் நின்றால் கண்ணெதிரே கிடக்கிற தீவு அது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். பெப்ரவரிக் கூட்டத்தில், அங்கே போய்வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைவர் கேட்டார். நான்கு கைகள் எழுந்தன. பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வருபவர்கள் மூழ்கிப் பார்த்துப்போகும் இடத்தை நம் பிள்ளைகள் கரையில் நின்று பார்ப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. அன்றைக்கே இவ்வாண்டின் வேலை தீர்மானமாயிற்று.

மார்ச் முதல் ஜூன் வரை சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு இத்தீவைப் பற்றி வகுப்பு வைத்தோம். 1963இல் சரணாலயமான இத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலில் ஏறக்குறைய நூறு வகை முருகைக்கற்களும் (பவளப்பாறைகளும்) முந்நூறு வகை மீன்களும் பதிவாகியுள்ளன. பிள்ளைகளை அதிகம் கவர்ந்தது தீவுக்குப் பெயர் தந்த புறாதான். கோயில் கோபுரப் பொந்துகளில் நாம் காணும் மாடப்புறாவின் காட்டு இனம் இது. கோபுரங்கள் எழும்புவதற்கு முன்பே இப்படியான பாறை வெடிப்புகளில் குஞ்சு பொரித்து வாழ்ந்த பறவை.

முருகைக்கல் கல்லல்ல, சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு என்பதை விளங்கவைக்க இரண்டு சனிக்கிழமைகள் எடுத்தன. அவ்வுயிரின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை உணவாக்கிக் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும், முருகைக்கல் வெளுத்துப் பட்டினி கிடக்கும். உலகக் கடல்களில் நான்காவது தடவையாக இந்த வெளிறல் பரவுகிறது என்ற அறிவிப்பும் 2024 ஏப்ரலில்தான் வந்தது. கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வரை வளரலாம். உருண்டை வகைகள் ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிது.

ஜூலையில், கடல் அடங்கிக் கிடந்த ஒரு காலையில், உரிய அனுமதிச்சீட்டுகளுடன் இரண்டு படகுகளில் போனோம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் முகத்தை வைத்த ஒரு மகள், திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மானின் கொம்பு மாதிரியே கிடக்கிறதென்று கத்தினாள். அதன் பெயரே மான்கொம்பு முருகைக்கல் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிளிமீன் முருகைக்கல்லைக் கடிக்கும் ‘கறுக், கறுக்’ சத்தத்தை நானும் அன்றுதான் கேட்டேன். அது அரைத்துக் கழிப்பதுதான் நாம் மிதிக்கும் வெண்மணலில் ஒரு பங்கு. முழங்கால் ஆழத்தில், செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டிகள் இரண்டு எங்களை ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் போயின. பயந்தவர்கள் பெரியவர்கள்தான்.

திரும்பும்போது ஒரு சின்னவன் கையைப் பொத்தியபடி இருந்தான். விரித்துப் பார்த்தால் விரல் நீளத்தில் ஒரு செத்த முருகைத் துண்டு. “அம்மாவுக்குக் காட்டத்தான் எடுத்தனான் ஐயா” என்றான். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு சிப்பிகூடக் கொண்டுவரக் கூடாது என்பதை விளங்கப்படுத்தினோம். தானே இறங்கிப்போய், எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தான். அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப்போவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சபை அதை நிறைவேற்ற உதவ வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் பதிய வேண்டும். வேறொரு குழுவை ஏற்றிவந்த படகு, உயிருள்ள முருகைக்கல்லின் மேலேயே நங்கூரத்தைப் போட்டது. “தம்பி, மணலில போடு” என்று எங்கள் படகோட்டி அண்ணர் கத்துவதற்குள் ஒரு கொத்து முறிந்துவிட்டது. பல ஆண்டுகளின் வளர்ச்சி ஒரு நொடியில் போயிற்று. இதைப் பற்றிப் படகுக்காரரோடு கதைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. சண்டைக்காக அல்ல. அவர்களுடைய பிழைப்பும் அந்தக் கற்களில்தான் இருக்கிறது.

இவ்வாண்டில் நான் மிகவும் மதிக்கும் வேலை கடல் உயிர்களின் பெயர்க் கொப்பி. ஓரா, களவாய், கிளாத்தி, திருக்கை, அழுங்காமை என்று எமது மூத்த கடற்றொழிலாளர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதி, பக்கத்தில் படம் வரைந்தார்கள். எந்த மீன் எந்தக் கல்லடியில் நிற்கும், எந்த மாதம் வரும் என்பதும் அதில் உண்டு. எண்பது பக்கக் கொப்பியில் முப்பத்தொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. பாசிகளின் பக்கம் இன்னும் வெறுமையாக உள்ளது. தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். கொப்பியும் பென்சிலும் மேசையில் இருக்கின்றன.

படகோட்டிகளுக்கும், சோறு சமைத்துத் தந்த தாய்மாருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை