வைமாக்ஸை நிறுத்தப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வைமாக்ஸ் வலையமைப்பை இன்னும் நடத்தும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு உரிமம் தரும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும்,

வணக்கம். சேவையை நிறுத்தாதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. டவரிலிருந்து கம்பியில்லாமல் இணையம் தரும் வைமாக்ஸ் முறையில், நகரும் கருவிகளுக்கான 802.16இ தரம் 2005இல் வந்தது. 2006இல் தென்கொரியாவில் வைப்ரோ என்ற பெயரில் வணிகச் சேவையானது. 2018 இறுதியில் அங்கேயே முடிந்தும் போனது. கைபேசித் தயாரிப்பாளர்கள் எல்டிஇ (4ஜி) பக்கம் போனபின் வைமாக்ஸுக்குப் புதிய சிப் செய்ய ஆளில்லை. டவரில் ஒரு ரேடியோ கார்டு பழுதானால், வேறொரு டவரிலிருந்து கழற்றிப் போட வேண்டிய நிலை. நிறுத்துவது சரிதான். எங்கள் மனக்குறையெல்லாம் நிறுத்தும் விதத்தில்தான்.

முதலில், சொல்லாமல் அலைக்கற்றையைக் குறைப்பது. ஜப்பானில் யூக்யூ நிறுவனம் 2015இல், வைமாக்ஸுக்கென வைத்திருந்த 30 மெகாஹெர்ட்ஸில் 20ஐப் புதிய சேவைக்கு மாற்றியது. பழைய கருவிகளின் உச்ச வேகம் நொடிக்கு 40 மெகாபிட்டிலிருந்து 13.3க்கு இறங்கியது. ஆனால் இந்த எண்களை அவர்கள் முன்கூட்டியே வெளியிட்டார்கள்; பழைய சேவை 2020 மார்ச் 31 வரை ஓடியது. அறிவிப்பு இல்லாத இடத்தில் வாடிக்கையாளர் என்ன செய்வார்? ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பார், கேபிளை மாற்றுவார், ரவுட்டரை மாற்றுவார். கோளாறு இருப்பதோ டவரில். எந்தத் தேதியில், எந்த டவரில், எத்தனை மெகாஹெர்ட்ஸ் குறைகிறது என்று முன்பே வெளியிடுங்கள்.

பராமரிப்பைக் கைவிட்டால் முதலில் சறுக்குவது நேர ஒத்திசைவு. வைமாக்ஸில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில், 5 மில்லிநொடிச் சட்டகத்துக்குள் (நேரத் துண்டுக்குள்) மாறி மாறி நடக்கின்றன. எல்லா டவர்களும் ஜிபிஎஸ் கடிகாரத்தை வைத்து ஒரே கணத்தில் அனுப்பி, ஒரே கணத்தில் கேட்க வேண்டும். ஒரு டவரின் ஜிபிஎஸ் ஆன்டெனாவில் நீர் இறங்கினாலும் போதும், அதன் நேரம் நகர்ந்து பக்கத்து டவர்கள் கேட்கும் நேரத்தில் இது அனுப்பத் தொடங்கும். அந்த டவரின் சிக்னல் அளவு நன்றாகவே காட்டும். சுற்றியுள்ளவர்களுக்குத்தான் இணைப்பு அறுந்து அறுந்து வரும். பழைய ஜிபிஎஸ் ரிசீவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: தேதியைக் கணக்கிட அவை பயன்படுத்தும் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 அன்று அது திரும்பியபோது, நியூயார்க் நகராட்சியின் தனிக் கம்பியில்லா வலையமைப்பு (அது வைமாக்ஸ் அல்ல, வேறொரு பழைய தொழில்நுட்பம்) பல நாள் முடங்கியது. சேவை இன்னும் ஓராண்டுதான் என்றாலும், ஜிபிஎஸ் ரிசீவரின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் பதிந்த மென்பொருளையும்) ஆன்டெனாவையும் கவனிக்கும் வேலையைக் கடைசி நாள் வரை விடாதீர்கள்.

இணைப்பில் இருப்பவர்கள் எல்லாம் குறுஞ்செய்தி படிக்கும் மனிதர்கள் அல்லர். மின்மீட்டர், கண்காணிப்புக் கேமரா, அலாரப் பெட்டி எனப் பல கருவிகள் வைமாக்ஸ் மோடத்தின் பின்னால் இருக்கின்றன. மாதம் முழுக்க இணைப்பில் இருந்து, மிகக் குறைந்த தரவை ஒரே இடைவெளியில் அனுப்பும் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்களை) பதிவேட்டிலிருந்து பிரித்தெடுங்கள்; அவற்றின் உரிமையாளர்களுக்குத் தனியாகத் தொலைபேசியில் சொல்லுங்கள். பல மோடங்களில் தொலைபேசி இணைக்கும் துளையும் உண்டு. அந்தத் தொலைபேசி எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய பிறகே கணக்கை மூட வேண்டும். கணக்கு முதலில் மூடப்பட்டால் எண்ணும் கையைவிட்டுப் போய்விடும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் 2015 நவம்பர் 6 அன்று நிறுத்தவிருந்தபோது, பள்ளிகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இணைப்பு தந்துவந்த இரு அமைப்புகள் நீதிமன்றம் போய் 90 நாள் அவகாசம் பெற்றன. அந்த அவகாசத்தை ஆணையம் முன்பே விதியாக வைத்திருந்தால் யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. குறைந்தது 12 மாத முன்னறிவிப்பை உரிம நிபந்தனையாக்குங்கள்.

அடுத்து, வீட்டில் மிஞ்சும் மோடம் பெட்டி. அதில் தொழிற்சாலையிலேயே எக்ஸ்.509 என்ற டிஜிட்டல் அடையாளச் சான்றிதழ் பதியப்பட்டிருக்கும். உங்கள் சர்வர் அதைச் சரிபார்த்தால்தான் இணைப்பு. சர்வர் போனபின் பெட்டி சிக்னலைத் தேடிக்கொண்டே இருக்கும். வைமாக்ஸ் ஓடும் 2.3 கிகாஹெர்ட்ஸ் எல்டிஇயில் பட்டை 40, 2.5 கிகாஹெர்ட்ஸ் பட்டை 41 என்பதால், ஃபர்ம்வேர் மாற்றினால் எல்டிஇக்கு வேலை செய்யும் என்று சிலர் நம்பிக் காசு செலவழிக்கிறார்கள். செய்யாது. தரவைப் பிரித்துச் சுமக்கும் துணை அலைகளின் இடைவெளி வைமாக்ஸில் 10.94 கிலோஹெர்ட்ஸ், எல்டிஇயில் 15. வீட்டிலிருந்து டவருக்கு அனுப்பும் முறையே வேறு. சிப்பே அதற்கென்று செய்ததல்ல.

அதை வீட்டு வைஃபை பெட்டியாக வைத்துக்கொள்ளவும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 2017இல் வெளியான சிவிஇ-2017-3216 என்ற எண் கொண்ட பாதுகாப்புக் குறைபாடு, ஒரே மென்பொருள் அடித்தளத்தில் பல நிறுவனப் பெயர்களில் விற்ற வைமாக்ஸ் ரவுட்டர்களைப் பாதித்தது. உள்நுழையாமலே நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றிவிட முடியும். ஆயுள் முடிந்த மாதிரிகள் என்பதால் திருத்தம் வரவில்லை. நீங்கள் தொலைவிலிருந்து நிர்வகிக்கத் திறந்து வைத்திருக்கும் வலைப்பக்கத்தை, கடைசி நாளுக்குக் காத்திராமல், இன்றே மூடுங்கள்.

கூரையில் இருப்பதில் பாதியைக் காப்பாற்றலாம். கம்பம், பிடிமானம், மண்ணிணைப்பு, வெயிலில் உறை வெடிக்காத ஈதர்நெட் கேபிள் எல்லாம் அப்படியே ஆகும். பவர் அடாப்டரை மட்டும் மறந்தும் சேர்க்காதீர்கள். மறுமுனைக் கருவிக்கு என்ன தேவை என்று பார்க்காமல் ஈதர்நெட் கேபிள் வழியே நேரே மின்சாரம் அனுப்பும் வகை அடாப்டர்களில், ஒன்று 24 வோல்ட் தரும், இன்னொன்று 48. கேபிளின் 4-5, 7-8 கம்பிகளில் நேர், எதிர் முனைகளும் இடம் மாறியிருக்கலாம். புதிய அவுட்டோர் யூனிட் கருகுவது பெரும்பாலும் இங்கேதான். ஒற்றை முனை ஆன்டெனாவும் பயன்படாது. எல்டிஇக்குக் குறுக்கு முனைவாக்கத்தில் (அலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும்படி) இரண்டு முனைகள் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு தரவு ஓடைகள் கிடைக்காது, வேகம் பாதியாகும். மெல்லிய ஆர்ஜி-58 ஆன்டெனா கேபிள் 2.5 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் சிக்னலைத் தின்னும். 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மிஞ்சும். தடித்த எல்எம்ஆர்-400 கேபிள் என்றால் அதே தூரத்தில் 2 டெசிபல் சொச்சம்தான். இந்த விவரத்தை, நீங்கள் விற்ற ஒவ்வொரு மாதிரி எண்ணுக்கும் ஒரு பக்க அளவில் எழுதி, அறிவிப்போடு அனுப்புங்கள். அடாப்டரின் வோல்ட்டும் கம்பி அமைப்பும் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன.

கையடக்க ஹாட்ஸ்பாட்களில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது உப்பும். உப்பியதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது என்று எழுதி, திரும்பப் பெறும் இடத்தின் முகவரியையும் கடைசி மாத ரசீதிலேயே அச்சிடுங்கள். திரும்ப வரும் பெட்டிகளில் வாடிக்கையாளரின் வைஃபை கடவுச்சொல்லும் அழைப்புப் பதிவும் இருக்கும். பிரிப்பதற்கு முன் அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வைமாக்ஸ் கருவிகளை நிறுவியும் பழுதுபார்த்தும் வரும் தொழில்நுட்பர்கள்