புடாபெஸ்ட் பயணம்: சனி காலை கிளம்புகிறோம்

வணக்கம் மக்களே! வியன்னாவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் இரண்டும் கையில் இருக்கட்டும். அங்கே யூரோ இல்லை, ஃபோரிண்ட்.

இந்த முறை ஓட்டம் வேண்டாம். டான்யூப் கரையோரம் போகும் 2-ஆம் எண் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே மனசு நிறைந்துவிடும். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இறங்கி, ஆற்றங்கரையில் இருக்கும் இரும்புக் காலணிகளைப் பார்க்கப் போவோம். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜி ஆதரவுக் கட்சியினர் யூதர்களைக் காலணிகளைக் கழற்றச் சொல்லி, அந்தக் கரையில் நிறுத்திச் சுட்டார்கள். உடல்கள் ஆற்றோடு போயின. அவர்கள் நினைவாக 2005-இல் வைத்த 60 ஜோடி அவை. அங்கே செல்ஃபி வேண்டாம், தயவுசெய்து. கொஞ்ச நேரம் பேசாமல் நிற்போம்.

அப்புறம் சங்கிலிப் பாலத்தை நடந்தே கடந்து புடா மேட்டில் ஏறுவோம். எதிர்க்கரையில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தைத் தவறவிடக் கூடாது.

ஞாயிறு முழுக்க செச்சேனி வெந்நீர்க் குளம்தான். 1896-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவிலேயே போய்விடலாம். நீச்சலுடை, துண்டு, ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள். சைவம் என்றால் அதையும் சொல்லுங்கள்.