சோறாக்கினவங்கட கதையையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல தலைவர்மார் பத்தி நிறைய வருது, நானும் வாசிக்கிறனான், வாசிக்கிற நேரமெல்லாம் இந்தியப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதின ரெண்டு புத்தகம்தான் மனசுக்குள்ள ஓடுது, அதான் எழுதுறன்.

முதலாவது 1996 இல வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ரவுட்’, நல்ல வறட்சி எண்டா எல்லாருக்கும் விருப்பம் எண்டு அர்த்தம். ஆக வறுமையான மாவட்டங்களுக்கு நேரா போய்த் தங்கி எழுதினது, தமிழ்நாட்டுல ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதுக்குள்ள வருது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் கிலோமீட்டர் அலைஞ்சிருக்கார், அதுல 5,000 கிலோமீட்டர் நடை! மழை பொய்ச்சா சனத்துக்குத் தொண்டை காயுது, நிவாரணம் எண்டு வாற காசுல கொந்தராத்துக்காரனுக்கு வெள்ளாமை விளையுது, இதத்தான் ஊர் ஊரா காட்டுறார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில இருக்கிற எங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். 2018 இல வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்துப் பொம்புளையளுட நுண்கடன், ஒரு லட்சத்துக்குக் கீழ எண்டா அரசாங்கம் பொறுப்பெடுக்கும் எண்டாங்க, மட்டக்களப்பும் அம்பாறையும் அதுல இருந்தது. எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா கடன் கொப்பியத் தூக்கிக்கொண்டு நடையா நடந்தா, கணக்கு கொஞ்சம் கூடிப்போச்சு எண்டு அவட பேர் விழல்ல. காதுத் தோட்டை அடகு வெச்சித்தான் கட்டி முடிச்சா.

மற்றது 2022 இல வந்த ‘த லாஸ்ட் ஹீரோஸ்’. வெள்ளைக்காரனுக்கு எதிரா நிண்ட சாதாரண சனத்தப் பத்தினது, நம்ம தமிழாக்கள் சங்கரய்யா, நல்லகண்ணு ரெண்டு பேரும் அதுல வாறாங்க. ஆனா என்னைப் பிடிச்சி வெச்சது மேற்கு வங்கம் புருலியாவில இருந்த பவானி மகாதோ எண்ட கிழவிதான். எனக்கும் போராட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல எண்டுதான் அவ சொல்லுறா, கதைச்சிக் கதைச்சிப் பாத்தா தலைமறைவா இருந்த ஆக்களுக்கெல்லாம் சமைச்சிக் குடுத்து உயிரக் காத்தது அவதான்.

அத வாசிச்சிட்டு எங்கட அம்மாவப் பாத்தன். 2007 இல ஊரோட இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள கிடந்த நேரம், விடிய நாலு மணிக்கு எழும்பி பெரிய கிடாரத்துல அத்தனை பேருக்கும் சோறாக்கினவ, கஞ்சி வடிக்கக்குள்ள கொட்டுப்பட்ட தழும்பு இப்பவும் இடக்கையில கிடக்கு. அரிசி மூட்டையோட நிண்டு படம் எடுத்த ஆக்கள் பேப்பர்ல வந்தாங்க. அம்மாட்டக் கேட்டா “நான் என்னத்தச் செஞ்சன் மகன், சோறுதானே ஆக்கினன்” எண்டுறா. அச்சொட்டா அந்தக் கிழவி சொன்ன மாதிரியே!

ஐயா, வெள்ளாமை வெட்டி முடிஞ்சு கூலி வேலையும் இல்லாத ஆனி ஆடியில ஒரு நிருபர அனுப்புங்க. மேடை, கூட்டம் ஒண்டும் வேணாம். வாவியத் தாண்டி வந்து ஒரு கிழமை எங்கட பக்கம் தங்கட்டும், அடுப்படியில இருந்து கேக்கட்டும், வாராவாரம் அத ஒரு தொடரா போடுங்க. அம்மா முதல்ல கதைக்க மாட்டன் எண்டுதான் நிப்பா. பின்னேரம் தேத்தண்ணி ஊத்தித் தந்துபோட்டுப் பக்கத்துல இருப்பா, அப்ப கேட்டா சொல்லுவா.

இப்படிக்கு,
படுவான்கரை வாசகன் ஒருவன்,
மட்டக்களப்பு