சாஞ்ச கோபுரமும் உன் காம்பவுண்ட் சுவரும்

டேய் மாப்ள,

முதல்ல திட்டி முடிச்சிடு, அப்புறம் படி. பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு ஆவணியில பதில் எழுதுறேன், காரணம்லாம் ஒண்ணும் இல்ல, சோம்பேறித்தனம்தான். இங்க ஜெர்மனியில, எம்டன்ல எல்லாரும் சௌக்கியம், பாப்பா என்னை ஜெர்மன்லயே திட்ட ஆரம்பிச்சாச்சு.

விஷயம் என்னன்னா, போன ஞாயித்துக்கிழமை சைக்கிள எடுத்துக்கிட்டு பக்கத்துல சூர்ஹூசன்னு ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்க 13ஆம் நூற்றாண்டு சர்ச் ஒண்ணு இருக்கு, செங்கல் கட்டடம். 1450ல சர்ச் நீளத்துல ஏறக்குறைய கால்வாசிய இடிச்சுட்டு அந்த இடத்துலயே கோபுரத்த எழுப்பியிருக்காங்க. உயரம் 27.37 மீட்டர், சாய்வு 5.19 டிகிரிடா! இத்தாலி பைசா கோபுரமே இப்ப 4 டிகிரிக்குள்ளதான். உச்சி 2.47 மீட்டர் தள்ளி நிக்குது, எட்டடி! 2007ல கின்னஸ்ல ஏறுச்சு, 2022ல கௌ-வைன்ஹைம்னு தெக்க ஒரு கிராமத்துக் கோபுரம் 5.43ன்னு வந்து பட்டத்தப் புடுங்கிடுச்சு. சாயுறதுல கூட போட்டி பாரு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா, ஷூ லேஸைக் கழட்டி வீட்டுச் சாவியக் கட்டி கோபுரத்து மூலைக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். நம்ம ரசமட்டம் சார் பார்த்திருந்தா அங்கயே உக்காந்து அழுதிருப்பாரு. கடல் காத்துல சாவி ஆடுது, ஆடி நின்ன ஒரு நிமிஷத்துல பார்த்தா கயிறு ஒரு பக்கம் செங்கல் ஒரு பக்கம். எனக்கே வயித்தக் கலக்கிடுச்சு.

ஆனா கட்டுனவன் மேல தப்பே இல்ல மாப்ள. சதுப்பு நிலம், அதனால ஓக் மரத்துண்டுகளைப் போட்டு அதுமேல கட்டியிருக்கான். நிலத்தடித் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குற வரைக்கும் அந்த மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, காத்து படாது, பூஞ்சை பிடிக்காது. நானூறு வருசம் அப்படியே கிடந்திருக்கு. 19ஆம் நூற்றாண்டுல சுத்துப்பட்டு நிலத்துல தண்ணிய வடிச்சாங்க, தண்ணி மட்டம் எறங்குச்சு, மரத்துக்குக் காத்து பட்டுச்சு, மக்க ஆரம்பிச்சிருச்சு, கோபுரம் சாஞ்சிருச்சு. 1975ல ஆபத்துன்னு சர்ச் கதவையே பூட்டிட்டாங்க, பலப்படுத்தித் திறக்கப் பத்து வருசம் ஆச்சு. 1996லேர்ந்துதான் மேல சாயாம நிக்குது.

அங்க நிக்கும்போது நீ கட்டி சாஞ்சுபோன காம்பவுண்ட் சுவர்தான் ஞாபகம் வந்துச்சு. நாங்க எவ்வளவு ஓட்டினோம், குண்டன் உனக்கு பைசான்னு பேரே வெச்சான். நீ சிரிச்சுக்கிட்டே சைட் வேலைய விட்டுட்டுப் போயிட்ட. பக்கத்து பிளாட்ல பேஸ்மென்டுக்குத் தோண்டி ராப்பகலா மோட்டார் போட்டு தண்ணி இறைச்சாங்களே, அதுக்கப்புறம்தானேடா உன் சுவர் சாஞ்சுச்சு? அன்னிக்கு ஒருத்தன் கூட அதைக் கேக்கல. நான் கேட்டிருக்கணும், எனக்கும் அப்ப தோணல. பன்னெண்டு வருசம் கழிச்சு சொல்றேன், மன்னிச்சிரு.

சரி, ரொம்ப சீரியஸாயிட்டேன். குண்டனுக்கு இதைக் காட்டாத, அழுதேன்னு ஊரெல்லாம் சொல்லுவான். போட்டோ அனுப்பியிருக்கேன், போனை நேராத்தான் பிடிச்சு எடுத்தேன், நம்பு.