கட்டைவிரல் போட்டால் சம்மதமா?

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாலா,

நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். தம்பி இன்னும் ஈப்போவில்தான் இருக்கிறான். சரி, உன்னிடம் கொட்ட வேண்டியது வேறு.

போன வாரம் பெய்த மழையில், எங்கள் தோட்டத்து ஆற்றோரப் பிளாக்குக்குப் போகும் குழாய்ப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. லாரி உள்ளே போக வழியில்லை. வெட்டிய செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகள் பாதையோரம் குவிந்து கிடக்கின்றன; உதிரிப் பழத்தில் ஈ மொய்க்கிறது. ஒரு நாளுக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். உனக்குத் தெரியாததா, தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகளே! மண் தோண்டும் பேக்கோ எடுக்கவும் புதுக் குழாய் போடவும் அனுமதி கேட்டு, செலவையும் குறித்து ஹெட் ஆபீசுக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் ஒரு வரி இல்லை. அவுட்லுக்கில் மணிக்குறி காட்டியது. திறந்து பார்த்தால், என் கடிதத்துக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி!

"ஓகே சொல்லிட்டாங்க, ஆரம்பிக்கலாம்" என்றார் மேனேஜர். கணக்குப் பிரிவிலோ, "பார்த்தாச்சு என்றுதான் அர்த்தம், அதை வைத்துப் பணம் தர முடியாது" என்றார்கள். குத்தகைக்காரர் எழுத்தில் கேட்டார். அவரிடம் நான் எதைக் காட்டுவது? இதற்கிடையில் அந்தப் பிளாக்கில் வெட்டு நின்றது, கூலியும் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான்.

கனடாவில் இதே தகராறு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் கட்டைவிரல் போட்டுவிட்டு, "கிடைத்தது என்றுதான் சொன்னேன்" என்று வாதாடினார். 2023இல் நீதிபதி அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னார். 2024இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அந்த விவசாயியும் விதை வாங்குபவரும் முன்பெல்லாம் "ஓகே" போன்ற ஓரிரு சொல்லிலேயே ஒப்பந்தம் முடித்துப் பழகியவர்கள். தீர்ப்பில் அதுவும் கணக்கில் வந்தது. எங்கள் ஆபீசில் அப்படி ஒரு வழக்கமே கிடையாதே!

நீ வாட்ஸ்அப்பில் சிரிப்பு முகங்களாய் அள்ளி வீசுவாய், அது நமக்குள். ஆபீசிலும் நன்றிக்கும் வாழ்த்துக்கும் தாராளமாகப் போடட்டும். ஆளுக்கொரு "நன்றி" வந்து பெட்டி நிறைவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் காசும் கூலியும் தொங்கும் இடத்தில், முடிவு சொல்ல வேண்டியவர் கைப்பட ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.

"அனுமதி உண்டா, எத்தனை ரிங்கிட் வரை?" என்று மறுபடி கேட்டு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. குழாய் இறங்கிவிட்டது, லாரி போகிறது. இனி அனுமதி கேட்கும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே "எழுத்தில் பதில் தேவை" என்று போடப்போகிறேன்.

உங்கள் ஆபீசில் என்ன வழக்கம்? விவரமாக எழுது.

அன்புடன்,
சாந்தி