கரைக்கு யார் பொறுப்பு, வசந்தி?

இராஜகிரிய,
கொழும்பு.

அன்புள்ள வசந்திக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை உன் தங்கச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பதில் போடவில்லை என்று திட்டாதே, திட்டுவதற்கு இங்கே என் மூத்தவன் ஒருவனே போதும். “பென்சன் எடுத்த டீச்சர் வீட்டில் இருந்து டிவி பார்க்கிறதுதானே, ஏனம்மா கந்தோர் கந்தோராய் ஏறி இறங்குறீங்கள்?” என்று விடிந்தால் இதே தேவாரம்தான். இவருக்குக் கற்றரக்ட் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இப்போது தெருமுனையில் வரும் கடன்காரரைக்கூட அடையாளம் பிடிக்கிறார். பெரியக்கா பெரியக்காவாகவே இருக்கிறா. வெள்ளவத்தை வீடு கைமாறிவிட்டது. விலையைக் கேட்காதே, வயிறு எரியும்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. விஷயம் தவளை. சிரிக்காதே. தவளை வெட்டும் வகுப்பில் மூன்றாம் மேசையில் நீ ஆடிய கூத்தை இந்த வயது வரைக்கும் ஒருவருக்கும் சொல்லாமல் காப்பாற்றி வருகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசி.

இந்த வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் சதுப்பு. மதிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு துண்டுக் கரை, அவ்வளவு அகலமும் இல்லை. வெல் ஆத்தா மரங்கள் (ஓம், அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் சதுப்பெல்லாம் பிடித்துக்கொண்ட அந்தக் காட்டு அன்னமுன்னாதான்), வல்லாரை, அக்கம்பக்கத்தார் மதிலுக்கு மேலால் கொட்டும் சருகு. மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் ஒரு சின்னஞ்சிறு மண்ணிறத் தவளை வந்து குந்தும். பெருவிரல் நுனியில் வைக்கலாம். விரல் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தட்டு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். பொப்புலாரிஸ் என்கிற புதர்த்தவளை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் காலத்துப் புத்தகத்தில் அதற்குப் பெயரே கிடையாது. மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் 2005இல் ஒரே கட்டுரையில் 27 புதிய தவளைகளுக்குப் பெயர் வைத்தார்களே, அதில் ஒன்று. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது, ஆனால் இந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் தாராளமாய் இருக்கிறது.

கறிவேப்பிலைக் கன்றுக்குச் சருகுமண் அள்ளப்போன இடத்தில்தான் அந்த முட்டைகளைக் கண்டேன். ஊறவைத்த சவ்வரிசி போல ஒரு சின்னக் குவியல், மேலெல்லாம் மண் ஒட்டி. ஒன்றைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு முழுத் தவளைக் குஞ்சு காலை மடக்கிக்கொண்டு இருக்கிறது! வாற்பேத்தைப் பருவம் என்பதே இல்லை. தாய் மண்ணைக் கிளறி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். உள்ளேயே எல்லாம் நடந்து, குட்டித் தவளையாக வெளியே குதிக்கும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு “முட்டை, வாற்பேத்தை, தவளை” என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியவர்கள் நாங்கள். நீயும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்படியே மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். கறிவேப்பிலைக்கு யூரியாவே போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தவளைக்குத் தண்ணீர் மட்டும் இருந்து பயனில்லை. சருகு மூடிய ஈரக் கரைதான் அதற்குப் பிரசவ அறை. இங்கேதான் என் தலையிடி தொடங்கியது.

மழைக்கு முன்னம் வாய்க்காலைத் தோண்ட பெக்கோ, அந்த மண் அள்ளும் இயந்திரம், வந்தது. வரவேண்டியதுதான், 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. ஆனால் அள்ளிய சேற்றை எல்லாம் கரையில் குவித்தான். கேட்கப் போனால் டிரைவர் பெடியன் நல்ல மாதிரித்தான் கதைத்தான்: “அன்ரி, எனக்குச் சொன்னது வாய்க்கால் மட்டும்.” அவனை அனுப்பிய கந்தோருக்குப் போனேன். வாய்க்கால் எங்களுடையது, கரையைப் பற்றி மற்றக் கந்தோரில் கேளுங்கள் என்றார்கள். மற்றக் கந்தோரில், கரை காணிதான் எங்களுடையது, மரம் செடி விலங்கு என்றால் இன்னொரு இடம் என்றார்கள். அந்த இன்னொரு இடத்தில், தவளைக்கு நாங்கள்தான் பொறுப்பு, ஆனால் அது இருக்கிற நிலத்துக்கு இல்லை என்று சொல்லித் தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். கெட்ட மனிதர் ஒருவரையும் நான் காணவில்லை, வசந்தி. எல்லோருமே தங்கள் பைலில் உள்ளதைச் சரியாகச் செய்கிறவர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவனோடு சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாய்ப் படுத்திருப்பேன்.

யோசித்துப் பார். கோட்டே சதுப்பு 1985இலேயே சரணாலயம் என்று பிரகடனமானது, அது வனசீவராசிகள் திணைக்களத்தின் சட்டம். அதற்குள்ளே பெத்தகான ஈரநிலப் பூங்கா நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கையில். கொஞ்சம் தள்ளி தியசரு பூங்கா காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில். சுற்றாடல் பாதிப்பு என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, குப்பை என்றால் மாநகர சபை, நுளம்பு என்றால் பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இத்தனை பேரும் சேர்ந்துதான் 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற பட்டம் வாங்கித் தந்தார்கள். ஒரு தலைநகருக்கு அந்தப் பட்டம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? பட்டத்துக்குச் சேர முடிந்தவர்கள் ஒரு பெக்கோவுக்குச் சேர முடியாதா என்பதுதான் என் கேள்வி.

நுளம்புக் கதையையும் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் பாதிப்பேர் சதுப்பை மூடு என்கிற கட்சி. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு, எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளையும் அதில் ஒருத்தி. பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருந்த அந்த இரவுகளில் ஆஸ்பத்திரி வாங்கில் அவளுடைய தாயோடு நானும் இருந்தேன். அந்தத் தாய்க்கு முன்னால் போய்த் தவளை என்று கதைக்க முடியாது. ஆனால் டெங்கு நுளம்பு சதுப்பில் முட்டையிடுவதில்லை, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் இடும் என்று நாங்களே பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம் அல்லவா? பி.எச்.ஐ. வந்து தேடியபோது குடம்பி அகப்பட்டது எங்கே தெரியுமா? சதுப்பை மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்கித் திரிந்த மனுஷனின் கூரைப் பீலியில்! நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் இருமினேன்.

இனி உன் பக்கத்துக் கதை. உன் வீட்டிலிருந்து ஃபிரேசர் பள்ளத்தாக்கு எவ்வளவு தூரம்? ஒரிகன் புள்ளித் தவளை என்று ஒன்று கனடாவிலேயே அந்தப் பள்ளத்தாக்கில்தான் மிச்சம். அமெரிக்கப் பக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் அதைக் காப்பாற்ற யார் யார் சேர்ந்தார்கள் என்று வாசித்துவிட்டு இவருக்கும் வாசித்துக் காட்டினேன், நம்ப மாட்டேன் என்கிறார். மாநில வனவிலங்குத் திணைக்களம், மிருகக்காட்சிச் சாலைகள், எவர்கிரீன் கல்லூரி, இராணுவம், சிறைச்சாலை. ஓம், சிறைச்சாலை! 2009இலிருந்து சீடர் கிரீக் சிறையில் கைதிகள் முட்டையிலிருந்து தவளை வளர்த்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, தண்ணீர் மாற்றல், குறிப்பெழுதல். நேரத்துக்குக் குறைவில்லாத மனிதர்கள், பொறுமையும் அப்படியே. வளர்ந்ததைக் கொண்டுபோய் விட்டது இராணுவத் தளத்துக்குள் இருக்கும் ஏரியில். இராணுவம் இராணுவமாகவே இருந்தது, சிறை சிறையாகவே இருந்தது. யாரும் தங்கள் வேலையை விட்டுவிடவில்லை, இருந்த வேலையில் ஒரு மூலையைத் தவளைக்கு ஒதுக்கினார்கள்.

எல்லா இடத்திலும் இப்படிச் சிரித்துக்கொண்டு சேர்ந்தார்கள் என்றில்லை. அதே தவளை ஒரிகனில் டிஷூட்ஸ் ஆற்றிலும் உண்டு. மாரியில் அணையை அடைத்துக் கோடைப் பயிருக்குத் தண்ணீர் சேர்ப்பார்கள். ஆறு சில வேளை விநாடிக்கு 20 கன அடி என்ற அளவுக்கு வற்றி, ஓரத்துப் பள்ளங்களில் மாரியைக் கழிக்கும் தவளை காய்ந்துபோகும். 2014இல் அதை ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், பிறகு வழக்கு. 2016இல் ஒரு சமரசம் வந்து, மாரியிலும் குறைந்தது 100 கன அடி விட வேண்டும் என்றானது. 2020 முடிவில் எட்டு நீர்ப்பாசன வட்டாரங்களும் ஒரு சின்ன நகரமும் கையெழுத்திட்ட 30 ஆண்டுத் திட்டம் வந்தது. அந்த 100 படிப்படியாக ஏறி 400 வரை போக வேண்டுமாம். அதற்காக ஒழுகுகிற வாய்க்கால்களையெல்லாம் குழாயாக்குகிறார்கள். கமக்காரர் பாடும் லேசில்லை, தண்ணீர் குறைந்தால் வயல் காயும். கிளிநொச்சியில் வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டி தூக்கியவர்களின் பேத்திகள் நாங்கள், எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“உன்னுடைய தவளை அழியப்போகிற இனமே இல்லையே, அதற்கு ஏன் இந்தப் பாடு?” என்று நீ கேட்பாய், உன் குரலே எனக்குக் கேட்கிறது. அதனால்தான் இப்போதே ஓடுகிறேன். தாராளமாய் இருக்கும்போது ஒரு பெக்கோக்காரனுக்கு இரண்டு வரி அறிவுறுத்தல் போதும். அருகிப்போன பிறகு என்றால் அப்புக்காத்து, வழக்கு, கோடிக்கணக்கில் குழாய். எங்கள் நாட்டில் புதர்த்தவளைகள் மட்டும் பத்துக்கு மேல் அழிந்துவிட்டதாகப் பதிவு. கண்ணாடிப் போத்தலில் ஊறும் பழைய மாதிரியைத் தவிர அவற்றைப் பற்றி ஒன்றும் மிச்சமில்லை. நுவரெலியாவில் கெலார்ட் என்ற இயற்கையியலாளர் 1853இல் எழுதிவைத்த ஸ்டெலாட்டஸ் என்ற புள்ளித் தவளை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கிடைத்ததே, அது நூற்றைம்பது வருடத்துக்கு மேல் காணாமல் போனது. அதெல்லாம் லொத்தர் விழுகிற மாதிரி. லொத்தரை நம்பிக் குடும்பம் நடத்துவார்களா?

கடைசியில் அந்தக் கந்தோர்களில் இருந்து ஆட்களை என் வீட்டு ஹோலுக்கே கூப்பிட்டேன். வரமாட்டார்கள் என்று மூத்தவன் பந்தயம் கட்டினான். வந்தார்கள். ஒரு பெரியவர் ஆரம்பத்திலிருந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றறிக்கை இலக்கம் எது, கடிதம் யார் பெயருக்கு என்பதிலேயே அரைவாசி நேரம் போனது. பிறகு மதில் கதவைத் திறந்து எல்லோரையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இளம் பெண் அதிகாரி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி, சருகை மெல்லப் புரட்டினாள். இரண்டு குட்டி வெளியே பாய்ந்தன. பெரியவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்புறம்தான் பேச்சு ஒழுங்காக நடந்தது: தோண்டுகிற சேற்றை டிப்பரில் ஏற்றி வெளியே கொண்டுபோவது, மழை மாதங்களில் கரையைத் தொடாமல் விடுவது, ஒழுங்கையார் சருகை எரிக்காமல் விடுவது. டிப்பர்ச் செலவு யாருடையது என்பதில் மட்டும் இழுபறி. எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வாகனம் இல்லை என்று ஒரு கந்தோர் இப்போதே சொல்லிவிட்டது, மூத்தவனின் காரில் ஏற்றிக்கொண்டு வருவதாக நானே பொறுப்பெடுத்துவிட்டேன். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

“தவளையும் தன் வாயால் கெடும்” என்று இவர் என்னைப் பார்த்துச் சொல்கிறார். சொல்லட்டும்.

உன்னால் ஒரு உதவி. அந்த வாஷிங்டன் மாநிலத்தில் தவளை வேலைக்குப் பல இடத்தார் சேர்ந்தார்கள் அல்லவா, அவர்களுக்குள் போட்ட உடன்படிக்கையின் பிரதி ஏதாவது நூலகத்தில் கிடைக்குமா என்று பார். யார் என்ன செய்வது, யார் பணம் கொடுப்பது என்று எழுதியிருக்கிற பக்கம் இருந்தால் போதும், தமிழிலும் சிங்களத்திலும் நான் மாற்றிக்கொள்கிறேன். ராணியின் மகள் தையில் அங்கே வருகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன். போன தடவை மாதிரிக் கஸ்டம்ஸில் வாயைக் கொடுக்க வேண்டாம் என்று அவளுக்கு நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை.

அன்புடன்,
மாலா